குசினிக் கதவால் வந்த சொந்தங்கள்

குசினிப் பக்கமிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டது.

டொக்டர் மஹ்ரூப் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார். கதவைத் திறந்து முன்னறையை எட்டிப் பார்த்தார். வரிசையாகப் போட்டிருந்த கதிரைகள் எல்லாம் காலி. சிலவற்றின் பொலித்தீன் உறைகூட இன்னும் கிழியவில்லை. மேசைக்குப் பின்னால் கமீலா மட்டும் இருந்தாள். வரும் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுப்பது அவளுடைய வேலை. கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு துண்டைத் தோணியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தம் கமீலா?"

"குசினியில பேசன் விழுந்திரிக்கி சேர். உங்கட சொந்தக்காரங்க வந்திட்டாங்க."

"எத்தின பேர்?"

"ஒரு பேசன்தானே விழுந்திரிக்கி. இன்னும் வருவாங்க."

கமீலா நிந்தவூர்ப் பிள்ளை. சிரிக்காமல்தான் எதையும் சொல்வாள்.

டொக்டர் மஹ்ரூப் சாய்ந்தமருதில் இந்தக் கிளினிக்கைத் திறந்தது போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. இப்போது ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் இங்கே. முன்வாசலால் ஒரு நோயாளியும் வரவில்லை. ஆனால் அலுமாரியில் மருந்து மட்டும் குறைந்துகொண்டே போனது.

காரணம், ஆட்கள் பின்வாசலால் வந்தார்கள்.

இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். மஹ்ரூபின் ஊர் பாலமுனை. கண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தவரைச் சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. வீடு, மனைவி சுல்பிகாவின் சீதனம். கடலை விட்டுத் தள்ளி, வயல் பக்கமாகப் புதிதாகக் கட்டியது. அதன் முன்பாதி டொக்டரின் கிளினிக். பின்பாதி மாமி றுகையா உம்மாவின் குசினி. குசினிக் கதவால் வருகிறவர்கள் எல்லோரும் மாமியின் சொந்தம். சொந்தக்காரரிடம் போய் நம்பர் துண்டு எடு என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனார்.

குசினி நிறைந்திருந்தது. அடுப்படிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, வலது காலை நீட்டிக்கொண்டு கச்சிமுகம்மது இருந்தார். மாமியின் மூத்த சகோதர முறை என்று சொல்லியிருந்தார்கள். டொக்டருக்குப் பெரிய மாமா. முழங்கால் நோவு. அவருக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். வாசற்படியில் இருமல்காரர் ஒருவர். ஆளுக்கொரு தேத்தண்ணிக் கோப்பை.

"மருமகன் வந்திட்டாரு. ஆணச் சட்டிய மூடி வைங்க" என்றார் மாமி. மருமகனின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற வழக்கம் மாமிக்கு இல்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்துத்தான் கதைப்பார். டொக்டரும் அடுப்பைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிவிட்டார்.

"இந்தப் புள்ள ஆரு மாமி?"

"நம்மட ஆள்தான் மகன். என்ட சாச்சிட மகள்ட புள்ள."

"போன கிழமை உங்கட பெரியப்பாட பேத்தி எண்டீங்களே?"

மாமி அடுப்பை ஊதினார். "ரெண்டு பக்கத்தாலயும் சொந்தம்."

டொக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்தார். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. பெண் பேச வந்தபோது டொக்டரின் உம்மா கேட்ட முதல் கேள்வியே, "பொண்ணு வீட்டுல சனம் இரிக்கா?" என்பதுதான். நிக்காஹ் அன்று வீடு கொள்ளாமல் வயல் வரப்பு வரை நின்ற கூட்டத்தைக் கண்டு உம்மாவின் நெஞ்சு குளிர்ந்தது. மாமனாரைக் கடல் கொண்டுபோனது டொக்டருக்குத் தெரியும். அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. புது மாப்பிள்ளை அவராகக் கிளறவும் இல்லை.

கைக்குழந்தைக்காரி மருந்தை வாங்கிக்கொண்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசனை எடுத்து வைத்தாள். உள்ளே பிட்டு. இருமல்காரர் ஒரு நீலப் பேசன் வைத்தார். உள்ளே முருங்கைக்காய். கீழே விழுந்து சத்தம் போட்டதும் அதே அளவு நீலப் பேசன்தான். இந்தக் குடும்பத்தில் சீதனத்தோடு நீலப் பேசனும் கொடுப்பார்களாக்கும் என்று டொக்டர் நினைத்துக்கொண்டார்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, சவூதியில் இருக்கும் தன் அண்ணனின் கதையை அவர் சுல்பிகாவிடம் எடுத்தார்.

"காக்கா தமாமிலருந்து திரும்பவும் கோல் எடுத்தாரு. அந்த ஆஸ்பத்திரிக்காரங்க பேப்பர் அனுப்பிட்டாங்க. இந்த மாசம் முடியிறதுக்குள்ள ஓம் எண்டு ஃபேக்ஸ் அனுப்பணும்."

சுல்பிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் இருந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம்.

"அங்க போகத்தான் வேணுமா?"

"என்னோட படிச்சவன் கல்முனையில கிளினிக் போட்டிரிக்கான். ஆக்கள் ரோட்டு வரைக்கும் நிக்கிறாங்க. இங்க என்ட கதிரையில பூனதான் படுக்குது. வெறுங்கதிரையப் பாத்தா ஆரு படியேறுவான்? கூட்டமில்லாத டொக்டருக்குக் கைராசியில்ல எண்டு ஊரே சொல்லும். இந்த மாசத்துக்குள்ள முன்பக்கத்தால ஆள் வந்தா நிக்கிறன். வராட்டிப் போறம். நீயும்தான்."

"உம்மா?"

"மாமிக்கென்ன? குசினி கொள்ளாத சொந்தம் இரிக்கி. அவவ ஒரு நாள் தனியா விடுவாங்களா?"

சுல்பிகா பிள்ளைக்குத் தைத்த துணியை எடுத்து, மடித்ததையே திரும்பவும் மடித்தாள்.

அடுத்த நாள் டொக்டர் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "மாமி, நம்மட ஆக்கள் வரட்டும். வேணாமெண்டு சொல்லல்ல. முன்வாசலால வரச் சொல்லுங்க. நாலு பேர் படியேறிறதக் கண்டாத்தான் மத்தவங்களும் வருவாங்க."

"அது நல்ல கதைதான்" என்றார் மாமி, அடுப்பிடம்.

சொன்னபடியே வந்தார்கள். முன்வாசலால் வந்து, கமீலாவுக்கு ஸலாம் சொல்லி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலிக் கதிரைகளைத் தாண்டி நேராகக் குசினிக்குப் போனார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். மருந்து எடுத்தார்கள். பின்கடப்பால், பின்மதிலில் இருந்த சின்ன வாசலால், வீட்டுக்குப் போனார்கள். அந்த வழிதான் அவர்களுக்குக் கிட்ட.

மூன்றாம் நாள் கமீலா சொன்னாள். "சேர், எதிர்த் தேத்தண்ணிக் கடையில ஒரு கதை அடிபடுது."

"என்ன கதை? கூட்டம் வரத் தொடங்கிட்டு எண்டா?"

"உள்ள போற ஆக்களக் காணுதாம். வெளிய வாற ஆக்களக் காணல்லியாம்."

"அவங்க பின்னால போறாங்க!"

"அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். நேத்து ஒரு கெழவர இங்கதான் ரெண்டு பேர் கைத்தாங்கலாக் கொண்டு வந்தாங்களாம். ரெண்டு பேரும்கூடத் திரும்பல்ல எண்டு சொல்லுறாங்க."

"அது பெரிய மாமா! முழங்கால் நோவு!"

"கடைக்காரரு வாழப்பழம் விக்கிறத விட்டுட்டு எண்ணிக்கிட்டிரிக்காரு சேர்."

அன்று பின்னேரம் உண்மையான நோயாளி ஒருவர் வந்தார். தடிமனும் தும்மலும். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மகள், வெளிய போற வழி எது?" என்று கமீலாவிடம் கேட்டார்.

"இதுதான் காக்கா. வந்த வழி."

"வேற வழியில்லியே?"

கமீலா யோசித்து, "பின்னால ஒண்டு இரிக்கி" என்றாள்.

அவர் வைத்த காலை எடுத்துவிட்டார்.

டொக்டர் அன்றே ஒரு ஆமைப்பூட்டு வாங்கிவந்து பின்கடப்பில் தொங்கவிட்டார். திறப்பைத் தன் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

"இனி உள்ள வாறவங்க முன்னால வரணும், முன்னாலயே போகணும். ஊர் பாக்கட்டும்" என்றார்.

ஊர் பார்த்தது.

சொந்தக்காரர்கள் வரிசையாக முன்வாசலால் வெளியே போனார்கள். ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை. வந்த பேசனை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மாமியின் வாழ்க்கையில் நடக்காத காரியம். ஒன்றில் சோறு, ஒன்றில் பயறு, ஒன்றில் கருவாடு, ஒன்றில் புதுப் பச்சரிசி. எல்லாம் நீலப் பேசன். எல்லாம் துணியால் கட்டியது.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, தன் வீட்டைக் கண்டுபிடிக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. படியில் ஆட்கள். முற்றத்தில் ஆட்கள். மதிலோரமாக வரிசை, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முன்னறையில் ஒரு கதிரைகூடக் காலியில்லை. பொலித்தீன் உறைகளெல்லாம் கிழிந்து கிடந்தன.

டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் முகம் கழுவி, தலை வாரி, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"சுல்பிகா! தமாமுக்கு இல்லையெண்டு சொல்லப்போறன்!"

சுல்பிகா குசினியைப் பார்த்து, "உம்மா! கேட்டீங்களா?" என்றாள். குசினியில் ஒரு பேசன் விழுந்தது.

கமீலா முதலாம் நம்பரை உள்ளே அனுப்பினாள். வாட்டசாட்டமான ஒரு மனிதர்.

"இரிங்க. என்ன வருத்தம்?"

"வருத்தமெண்டா வருத்தம்தான் டொக்டர். எவ்வளவு காலத்துக்குச் சமாளிக்கிற?"

"எப்பலருந்து?"

"ரெண்டாயிரத்து அஞ்சிலருந்து."

"அவ்வளவு நாளாவா! வேற எங்கயாவது காட்டினீங்களா?"

"எல்லா இடத்திலயும் காட்டினன். எடுத்துப் பாத்திட்டுத் தாறாங்க, கூப்பிடுறம் எண்டு சொல்லுறாங்க. கூப்பிடுறல்ல."

டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தார். "மூச்ச நல்லா இழுங்க."

அவர் இழுத்தார். "விடுங்க" என்றதும் விட்டார். முதுகில் வைத்தபோதும் பணிவாக இழுத்தார்.

"இதையும் பதியணுமா டொக்டர்? மத்த என்.ஜீ.ஓ.க்காரங்க இதெல்லாம் கேக்கிறல்ல."

"எந்த என்.ஜீ.ஓ.?"

மனிதர் சட்டைப் பையிலிருந்து நிவாரண அட்டையை எடுத்தார். அதன் போட்டோக் கொப்பியை எடுத்தார். அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியையும் எடுத்து மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"வீட்டுல அஞ்சு பேர். எங்களுக்கு எந்தப் பேசன்?"

டொக்டர் மஹ்ரூப் எழுந்து முன்னறைக்குப் போனார்.

"இங்க வருத்தக்காரர் ஆரு?" என்று கேட்டார்.

ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லார் கையிலும் நிவாரண அட்டை இருந்தது.

கமீலா அவர் காதுக்குள் சொன்னாள். "சேர், நேத்து உங்கட வாசலால பேசன் பேசனா வெளிய போச்சுதே. சாமான் குடுக்கிறாங்க எண்டு ஊர் முழுக்கக் கதை. காரைதீவு எல்ல வரைக்கும் போயிட்டு."

"நீ ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க தலை வாரிக்கிட்டு நிண்டீங்க. அந்தச் சந்தோசத்தக் கெடுக்க மனம் வரல்ல."

டொக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக விளக்கம் சொன்னார். இது கிளினிக். சாமான் இல்லை. பேசன் மாமியின் சொந்தக்காரருடையது.

"சொந்தக்காரங்களுக்கு மட்டும் குடுத்திட்டாங்க!" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்பவும் இப்பிடித்தான்! அவங்களுக்குப் பேசன், எங்களுக்கு நெஞ்சில குழாய்!" என்றார் முதலாம் நம்பர்காரர். அவர் இன்னும் சட்டைப் பொத்தானைப் போடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் கிராம சேவகர் வந்து இறங்கினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"டொக்டர், நீங்க படிச்ச மனிசன். என்ட பிரிவில எனக்கு அறிவிக்காம விநியோகம் செய்யலாமா?"

"நான் ஒண்டும் விநியோகிக்கல்ல சேர்!"

"அப்ப இந்தச் சனமெல்லாம் என்னத்துக்கு நிக்கிது?"

டொக்டருக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"பிரஷர் பாக்கிறதுக்கு!" என்றார். "எல்லாருக்கும் இண்டைக்கு இலவசமாப் பிரஷர் பாக்கிறன்!"

கமீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

கிராம சேவகருக்குத்தான் முதலில் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை டொக்டர் ஒவ்வொரு கையாகக் கட்டி, ஊதி, அவிழ்த்தார். போகிறபோது ஒரு பெண், "வெள்ளக்காரங்க நடத்தின கேம்புல பிரஷர் பாத்தா பிஸ்கட்டும் தந்த" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு முன்னறை காலியாகவே இல்லை. 'ஓசி டொக்டர்' என்று ஓட்டோக்காரர்கள் இடம் சொல்லி இறக்கிவிட்டுப் போனார்கள். இலவசம் இல்லை என்று கமீலா சொன்னால், "எந்த நாடு தந்த காசு இது? அமுக்கினா மேலிடத்துக்கு எழுதுவம்" என்று பதில் வந்தது. உண்மையான வருத்தக்காரர் யாராவது வந்தாலும், அந்தக் கூட்டத்தையும் சண்டையையும் கண்டு கல்முனைக்கு பஸ் ஏறினார்கள்.

இந்தக் கூட்டத்தால் முன்வாசலுக்குள் நுழைய முடியாமல் போனவர்கள் மாமியின் சொந்தக்காரர்கள்தான். பின்கடப்பிலோ பூட்டு.

ஒரு பின்னேரம் குசினிப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. இந்தத் தடவை பேசன் இல்லை. டொக்டர் ஓடிப் போய்ப் பார்த்தார். மதிலுக்குக் கீழே, வாழை மரத்தோடு சேர்த்து, கச்சிமுகம்மது கிடந்தார். மதிலின் மேல் இருமல்காரர் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் போட்டபடி, இறங்குவதா விடுவதா என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"பெரிய மாமா! மதில் ஏறக்கூடிய முழங்காலுக்கு என்னத்துக்கு மருந்து?"

"ஏறக்குள்ள நோகல்ல மகன்" என்றார் கச்சிமுகம்மது, கிடந்தபடியே. "இறங்கக்குள்ளதான்."

டொக்டர் அவரைத் தூக்கிப் பாயில் படுக்க வைத்து, சுளுக்கிய இடத்துக்குக் கட்டுப் போட்டார். கட்டிக்கொண்டிருந்தபோதே முடிவு எடுத்துவிட்டார். முன்னால் என்.ஜீ.ஓ., பின்னால் சொந்தம். நடுவில் ஒரு டொக்டருக்கு இடமில்லை.

"மாமி, நாங்க சவூதிக்குப் போறம்" என்று அடுப்பிடம் சொன்னார். "நாளைக்கு ஃபேக்ஸ் அனுப்புறன். சுல்பிகாவையும் கொண்டு போறன். புள்ள அங்கதான் பொறக்கும்."

மாமி தேத்தண்ணிக் கேத்தலில் இன்னும் ஒரு கோப்பை தண்ணி ஊற்றினார். பிறகு, அந்த வீட்டுக்கு மருமகன் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அல்லாட நாட்டம் மகன்" என்றார்.

அடுத்த நாள் டொக்டர் பின்கடப்புப் பூட்டைத் திறந்து விட்டார். இனிப் பூட்டி என்ன?

சொந்தக்காரர்கள் வந்தார்கள். அன்று ஒருவருக்கும் இருமலில்லை, நோவில்லை. குழந்தைகூட அழவில்லை. ஆளுக்கொரு நீலப் பேசனில் ஏதோ கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். கச்சிமுகம்மது தடியை ஊன்றிக்கொண்டு டொக்டருக்குக் கிட்ட வந்தார்.

"மகன், நாங்க முன்னால வந்து கதிரையில குந்தி இரிக்கிறம். துண்டு எடுத்துக்கிட்டு இரிக்கிறம். நாள் முழுக்க இரிக்கிறம். ரோட்டால போறவன் பாக்கட்டும். அப்ப நிப்பீங்களா?"

"வருத்தமில்லாம வந்து இரிந்து என்ன செய்யிற பெரிய மாமா?"

"வருத்தமா இல்ல? வயசான ஆக்கள். தேடினா வராதா?"

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஃபேக்ஸ் பேப்பரை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அதெல்லாம் சரிவராது மாமா. நீங்க இவ்வளவு பேர் மாமிக்குத் துணையா இரிக்கிறீங்களே, எனக்கு அது போதும்."

கச்சிமுகம்மது மாமியைப் பார்த்தார். மாமி அடுப்பைப் பார்த்தார். சுல்பிகா எழும்பி உள்ளே போய்விட்டாள்.

டொக்டர் வாசலில் செருப்பைப் போடும்போது மாமி கமீலாவின் கையில் ஒரு நீலப் பேசனைக் கொடுத்து அனுப்பினார். உள்ளே இனிப்பு வட்டிலப்பம். "கல்முனையில ஃபேக்ஸ் அனுப்புற கடைக்காரருக்காம் சேர்" என்றாள் கமீலா. "வெறுங்கையோட போகக் கூடாதாம்."

வாசலில் தம்பிமுத்துவின் ஓட்டோ நின்றது. தம்பிமுத்து காரைதீவுக்காரர். சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவர். டொக்டர் பின்சீட்டில் ஏறிப் பேசனை மடியில் வைத்துக்கொண்டார்.

"கல்முனைக்கு. ஃபேக்ஸ் கடைக்கு."

ஓட்டோ பிரதான வீதியில் ஏறியது. சோதனைச் சாவடியில் சிங்களச் சிப்பாய் ஒருவன் கையைக் காட்டினான். தம்பிமுத்து நிறுத்தினார். டொக்டர் அடையாள அட்டையை நீட்டினார். சிப்பாய் அதைப் பார்த்தான், 'டொக்டர்' என்ற எழுத்தைப் பார்த்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு, வாயை 'ஆ'வென்று திறந்து, வீங்கிய கடைவாய்ப் பல்லை ஓட்டோவுக்குள் காட்டினான். டொக்டர் பெருமூச்சு விட்டு, பையிலிருந்து நான்கு வில்லைகளை எடுத்துக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடும்படி கைபாஷையில் சொன்னார். சிப்பாய் வழி விட்டான்.

"இவனும் உங்கட மாமியார்ர சொந்தமா டொக்டர்?" என்று தம்பிமுத்து சிரித்தார்.

டொக்டரும் சிரித்துவிட்டார். "இரிந்தாலும் இரிப்பான்."

கொஞ்ச தூரம் போனது. தம்பிமுத்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார். டொக்டரின் மடியில் இருந்த பேசன் அவர் கண்ணில் பட்டது.

"அட, இந்த நீலப் பேசன் இன்னும் உடையல்லியா? நல்ல சாமான்தான் தந்திருக்கான் வெள்ளக்காரன்."

"எந்த வெள்ளக்காரன்? இது மாமிட குடும்பத்துப் பேசன். அவங்கட எல்லா வீட்டிலயும் இதான்."

"என்ட ஓட்டோவிலதானே ஏத்தி இறக்கின டொக்டர். சுனாமி அடிச்ச மறு மாசம், பள்ளிக்கூடத்து வளவில கூடாரம் போட்டிருந்தாங்களே, அந்தக் கேம்புக்கு. கூடாரத்துக்கு ஒரு பேசன். உங்கட மாமி றுகையா அக்காட கூடாரம் கிணத்தடிக்குக் கிட்ட."

டொக்டர் பேசனைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பாதி அழிந்த ஒரு முத்திரை இருந்தது. இத்தனை நாள் அதை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப மாமிட சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேம்புலதான் இரிந்திரிக்காங்க" என்றார். "நல்லதாப் போச்சு. குடும்பம் பெரிசு தம்பிமுத்து. அந்தத் தைரியத்திலதான் நாங்க ரெண்டு பேரும் வெளிநாடு போறம். சுல்பிகா போனாலும் மாமிக்குத் தனிமையில்ல."

தம்பிமுத்து ஓட்டோவை ஓரம் கட்டினார். மோட்டரை நிறுத்தினார். திரும்பி, டொக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன டொக்டர் கதைக்கிறீங்க? றுகையா அக்காட குடும்பத்தில அண்டைக்குக் கடல் மிச்சம் வைச்சது அவவையும் மகளையும் மட்டும்தானே. நீங்க சொந்தமெண்டு சொல்லுற அவ்வளவு பேரும் பக்கத்துக் கூடாரத்து ஆக்கள்."